குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள்

தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் காலையில் வருகிற உபாதைகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிகிறவை. காய்ச்சல் என்றால் தொட்டாலே சுடும். செம்பனை முள் குத்திய இடம் வீங்கியிருக்கும். பால் கத்தி பட்ட விரலில் துணி சுற்றியிருக்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தவரிடம் மட்டும் காட்டுவதற்கு ஒன்றுமே இராது. பெரட்டில் பெயர் கூப்பிடும் நேரத்தில் அவர் கால் மற்றவர் கால் போலவே இருக்கும். நடப்பார், குந்துவார், வேலைக்கும் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்குப் பாயிலிருந்து துள்ளி எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றதற்கு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்று கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய டிரசருக்கு இது பெரிய சங்கடம். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்களுக்குப் பதிவு பெற்ற தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்று பெயர். மக்கள் வாயில் என்றைக்கும் டிரசர் ஐயாதான். அந்த ஐயாவின் பதிவேட்டில் இந்த வலி 'உடம்பு வலி' என்ற பொதுச் சொல்லுக்குள் கரைந்துபோய்விடும். தைலம் கொஞ்சம், வலி மாத்திரை இரண்டு, அதோடு முடிந்தது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த தலைமுறை இன்று தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் மூப்படைந்து கிடக்கிறது. அவர்களுடைய தூக்கத்தைக் கெடுக்கிற வலிகளில் இது முன்வரிசையில் நிற்பது. இதை நாங்கள் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், இதைத் தடுக்கும் வழி எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் வலியைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். தூக்கத்தில் காலை நீட்டும்போதோ புரளும்போதோ, ஆடுசதையின் ஓரிடத்தில் ஒரு சுண்டல் கிளம்புகிறது. இரண்டு மூன்று நொடிக்குள் சதை முழுவதும் உருண்டு கல்லாகிவிடும். கைவைத்தால் தோலுக்கடியில் கொட்டாங்கச்சி ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும். பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்து, விரல்கள் சுருண்டுகொள்ளும். சில நொடியில் விடலாம், பத்து நிமிடமும் நீடிக்கலாம். விட்ட பிறகும் மறுநாள் பகல்வரை அந்த இடம் கன்றிப்போனது போல வலிக்கும். 'நரம்பு சுண்டி இழுக்குது' என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். ஊரில் குரக்களி என்று சொல்வோரும் உண்டு. படித்தவர்கள் இதைக் கேட்டு, நரம்பு எங்கே இழுக்கிறது, இழுப்பது தசையல்லவா என்று திருத்துவது வழக்கம். உண்மையில் மக்கள் சொல்லே சரிக்கு அருகில் இருக்கிறது. சுருங்குவது தசைதான். ஆனால் அதைச் சுருங்கு சுருங்கு என்று ஓயாமல் ஏவிக்கொண்டிருப்பது, முதுகுத் தண்டிலிருந்து அந்தத் தசைக்கு வரும் நரம்பு. மின்பதிவு எடுத்துப் பார்த்தவர்கள் கண்டது, அந்த நரம்பு தன் வழக்கமான வேகத்தை விடப் பல மடங்கு வேகத்தில் துடித்துக்கொண்டிருப்பதைத்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கர்ப்பிணிகளுக்கும் கடைசி மாதங்களில் அதிகம்.

இந்தப் பிடிப்புக்குத் தோட்டத்தில் மூன்று காரணம் சொல்வார்கள்: உடம்பில் உப்பு குறைந்துவிட்டது, குளிர்ந்த சிமெண்டுத் தரையும் காற்றாடிக் காற்றும் காலில் இறங்கிவிட்டன, நரம்பு தளர்ந்துவிட்டது. மூன்றுக்கும் மூன்று வைத்தியம் உண்டு. முதலாவதற்கு டின் பானமும் வாழைப்பழமும், இரண்டாவதற்குக் கோடாலித் தைலம், மூன்றாவதற்கு பி வைட்டமின் கலந்த 'நரம்பு ஊசி'. இவை எல்லாமே உடம்பில் எதுவோ குறைந்துவிட்டது, அதை வெளியிலிருந்து ஊற்றி நிரப்ப வேண்டும் என்ற ஒரே நினைப்பிலிருந்து பிறந்தவை. நான் வாதிடுவது வேறு. பெரும்பாலானவருக்கு இது குறைபாட்டு நோயல்ல. பல ஆண்டு உழைப்பிலும் மூப்பிலும் நீளம் குறைந்துபோன ஒரு தசை, படுக்கையில் இன்னும் குறுகிய நிலையில் கிடக்கும்போது, அதன் நரம்பு கட்டுத் தவறித் துடிப்பதுதான் நடக்கிறது. ஆகவே தடுப்பும், படுக்கப் போகுமுன் அந்தத் தசைக்கு நீளம் கொடுப்பதிலும், பாதம் கிடக்கும் நிலையைச் சரிசெய்வதிலும், அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளை ஒருமுறை சரிபார்ப்பதிலும் தொடங்க வேண்டும்.

உழைப்பு என்று சொன்னதை விளக்க வேண்டும். கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. அன்றுமுதல் இந்த வட்டாரத்து உழைப்பு இரண்டு வகை மரங்களோடு பிணைந்தது. பால் மரம் வெட்டுகிறவர் விடியுமுன் நிரையில் இறங்கி, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வருவார். வெட்டு தாழ்வாக இருந்தால் குனிந்தும் குந்தியும், மேல்வெட்டு என்றால் அண்ணாந்து முன்பாதத்தில் எழும்பியும் வேலை. செம்பனை உயர்ந்துவிட்ட காட்டில் குலை வெட்டுகிறவர் நீண்ட கம்பின் முனையில் அரிவாளை மாட்டி, தலைக்கு மேல் தூக்கி, ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். அந்த இழுப்பைக் கவனித்துப் பாருங்கள். கை இழுப்பதற்கு முன்பே குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும், ஆடுசதை சுருங்கி முழு உடம்பையும் தாங்கிக்கொள்ளும். இருபது கிலோ வரும் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கடலோரக் களிமண்ணில் பூட்ஸ் புதையப் புதையத் தள்ளிவரும்போதும் உந்துவது முன்பாதம்தான். மருந்துப் பம்பை முதுகில் சுமந்து வாய்க்கால் பலகைமேல் நடக்கும் பெண்ணுக்கும் அப்படியே. பகல் முழுவதும் குறுகிக் குறுகி உழைத்த தசை, முழு நீளத்துக்கு இழுபடும் வாய்ப்பே இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறது. ஐம்பது வயதுக்குமேல் நரம்புகளில் சில இயல்பாகவே உதிர, மிஞ்சியவை அதிகப் பாரத்தை ஏற்கின்றன. வேலையை விட்டுப் பத்து ஆண்டு ஆனவருக்கும் இரவில் காலைப் பிடிப்பது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 1988இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: மேலைநாட்டார் குந்தி உட்காரும் பழக்கத்தை விட்டதால்தான் அவர்களுடைய கால் தசைநார்கள் நீளம் குறைந்து இரவுப் பிடிப்பு வருகிறது என்று. அப்படியானால் குந்தியே வாழ்ந்த நம் மக்களுக்கு ஏன் வருகிறது? உதிர்ந்த கொட்டையை நாள் முழுவதும் குந்திப் பொறுக்கிய பெண்களுக்கு வரவே கூடாதல்லவா? கேள்வி சரியானதுதான். பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, குந்துவது எல்லாம் ஒரே குந்துதல் அல்ல. குதிகால் தரையில் பதிய, முழங்கால் பாதத்துக்கு முன்னே வர உட்கார்ந்தால் ஆடுசதையின் அடிப்பகுதி நன்றாக இழுபடும். குதிகால் எழும்பி முன்பாதத்தில் நின்றபடி குந்தினால், தசை இழுபடுவதற்குப் பதிலாகச் சுருங்கியே நிற்கும். பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் குந்துகிறவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. இன்னொன்று, இன்றைய நிலை. லயத்து வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தும் கழிப்பறைக்குப் போனவர்கள், அடுக்குமாடி வீட்டில் நாற்காலிக்கும் உட்காரும் கழிப்பறைக்கும் மாறிவிட்டார்கள். முழங்கால் தேய்ந்தவருக்கு இனிக் குந்தவும் முடியாது, குந்தச் சொல்வதும் தவறு. அந்த 1988 கருத்தை ஒரு ஊகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தசையின் நீளம்தான் விஷயம் என்ற திசையை அது சரியாகக் காட்டியது.

உப்பு வாதம் இதைவிடப் பலமானது. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் நல்ல வரலாறு இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தின் ஆழமான, வெக்கை மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் வேலையாட்களுக்குக் கைகால் பிடித்து இழுத்தது. வியர்வையில் உப்பை இழந்து, வெறும் தண்ணீரை மட்டும் குடித்ததுதான் காரணம் என்று மாஸ், ஹால்டேன் என்ற அறிஞர்கள் கண்டார்கள். தண்ணீரில் சிறிது உப்புக் கலந்து கொடுத்ததும் பிடிப்பு அடங்கியது. வெயிலில் குலை வெட்டி நனைந்து வருகிறவருக்கு, வேலையின் நடுவிலோ முடிந்த கையோடோ, உழைத்த கை, வயிறு, தொடை என்று பல இடங்களில் மாறி மாறிப் பிடித்தால் அது இந்த வகை. நிழலில் உட்காரவைத்து, உப்பு நீர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் காற்றாடியடியில் நாளைக் கழித்த அறுபத்தைந்து வயதுக்காரருக்கு, நள்ளிரவில், ஒரே ஆடுசதையில் வருவது அந்த வகையல்ல. ஓட்டக்காரர்களிடம்கூட உப்புக் கணக்கு ஒத்துவரவில்லை. தென்னாப்பிரிக்காவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடும்போட்டியில், பிடிப்பு வந்தவர்கள், வராதவர்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். உப்பிலும் நீரிழப்பிலும் பேர் சொல்லும்படி வேறுபாடு இல்லை. தம் சக்திக்கு மீறி வேகமாக ஓடியவர்களுக்கும், முன்பே பிடிப்பு வந்த பழக்கம் உள்ளவர்களுக்குமே வந்தது. அமெரிக்காவில் 2010இல் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரத்தால் கால்விரல் தசையில் பிடிப்பை வரவழைத்து, வெள்ளரி ஊறுகாயின் புளித்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் தண்ணீர் குடித்ததைவிடச் சீக்கிரமாகப் பிடிப்பு விட்டது. அந்த நேரத்துக்குள் அதிலிருந்த உப்பு ரத்தத்தில் சேர்ந்திருக்கவே முடியாது. தொண்டையில் பட்ட காரப்புளிப்பே நரம்பு வழியாகப் போய்த் துடிப்பை அடக்கியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். உப்பு வைத்தியம் பலித்ததாகத் தோன்றிய இடத்திலும் வேலை செய்தது நரம்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உப்பையும் பானத்தையும் பற்றி நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதிகம். அந்தக் கூட்டத்துக்குள் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகப் பழுதும் கலந்தே இருக்கும். அப்படிப்பட்டவர் கால் பிடிப்புக்கென்று தினம் ஒரு டின் இனிப்புப் பானம் குடித்தால் சர்க்கரை ஏறுகிறது. உப்பைக் கூட்டினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவர் வாழைப்பழத்தையும் இளநீரையும் அளவில்லாமல் எடுத்தால் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். ஒரு வாழைப்பழத்தில் என்ன கெடுதல் என்று கேட்பது எளிது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒரு கெடுதலும் இல்லை, அதனால் பிடிப்பு நிற்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. குளிர் பற்றிய நம்பிக்கைக்கும் இதே கதிதான். கனடாவில் 2015இல் வெளியான ஆய்வில், இரவுப் பிடிப்பு பனிக்காலத்தைவிடக் கோடையில் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. குளிர்தான் காரணம் என்றால் நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? கோடாலித் தைலம் தேய்ப்பதில் தவறில்லை. தேய்க்கிற கை சதையை நீவிவிடுகிறது, அந்த அளவுக்கு அது உதவும்.

ஊசிக்கும் மாத்திரைக்கும் வருவோம். பி வைட்டமின்கள் சேர்ந்த மருந்து பற்றி 1998இல் தைவானில் இருந்து வந்த ஓர் ஆய்வு நல்ல பலன் சொன்னது. ஆனால் அதில் இருந்தவர்கள் வெறும் 28 பேர். அவர்கள் சாப்பிட்டது வாய்வழி மாத்திரை, ஊசியல்ல. நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் நீரிழிவுக்காரருக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. அவருக்குச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது முறை. சோதிக்காமல் எல்லோருக்கும் மாதம் ஒன்று என்று போடுவதற்கு நியாயம் இல்லை. மக்னீசியம் இன்று மருந்துக்கடைகளில் கால் பிடிப்புக்கென்றே விற்கப்படுகிறது. இஸ்ரேலில் 94 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மக்னீசியம் சாப்பிட்டவருக்கு வாரத்துக்கு மூன்று பிடிப்பு குறைந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவருக்கும் அதே மூன்று குறைந்தது. உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் குழு 2020இல் சொன்னதும் இதுதான்: முதியவர்களுக்கு மக்னீசியம் பயன் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 2024இல் சீனாவிலிருந்து வைட்டமின் கே2 நன்றாக வேலை செய்கிறது என்று ஓர் ஆய்வு வந்திருக்கிறது. 199 பேரிடம் செய்தது, பலனும் பெரிது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் கே ஆபத்து. இன்னொரு நாட்டில் இன்னொரு குழு செய்து காட்டும்வரை பொறுப்பதே நல்லது.

உண்மையாகவே பிடிப்பைக் குறைக்கிற மருந்து என்று நிரூபணமானது ஒன்று இருக்கிறது. அது இந்தக் கடற்கரைத் தோட்டங்களுக்கு மிகப் பழக்கமான மருந்து: கொய்னா. எங்கள் தொழில் வளர்ந்ததே அதைக் கையில் வைத்துக்கொண்டுதான். காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், சிலாங்கூரின் கடலோர லயங்களில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. பெரட்டில் நிற்க வைத்து, ஒவ்வொருவர் வாயிலும் கசக்கக் கசக்கக் கொய்னா ஊற்றுவது டிரசரின் வேலையாக இருந்தது. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், கொய்னாவை மட்டும் நம்பியிருக்கவில்லை. கிள்ளானிலும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, கொசு முட்டையிடும் இடத்தையே இல்லாமல் செய்தார், காய்ச்சல் சரிந்தது. சமதளமான கடலோரத் தோட்டங்களில், நிழலும் தேங்கிய நீரும் வேண்டியிருந்த கொசு, காடு வெட்டி வாய்க்கால் போட்டதும் மறைந்தது. கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் காணும் நேர்கோட்டு வாய்க்கால்களைப் பயிருக்கு வெட்டியவை என்றுதான் நினைக்கிறோம். அவை உயிரையும் காத்தவை. மருந்து நோயை அடக்கிவைத்தது, வாய்க்கால் நோயை விரட்டியது. இந்தப் பாடத்தை எங்கள் தொழில் மலேரியாவுக்குக் கற்றுக்கொண்டது போல, கால் பிடிப்புக்கும் கற்றுக்கொள்ள வேண்டும்.

1940இல் அமெரிக்க மருத்துவர் இருவர் இரவுப் பிடிப்புக்குக் கொய்னா கேட்கிறது என்று எழுதினார்கள். அதன்பின் பல நாடுகளில் முதியவர்கள் படுக்கும்போது ஒரு கொய்னா மாத்திரை போடுவது சாதாரணமாகிவிட்டது. காக்ரேன் குழு 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், இரண்டு வாரத்தில் பிடிப்பு 28 விழுக்காடு குறைந்தது. ஆக, பலன் உண்டு. நூறில் எழுபத்திரண்டு பிடிப்பு அப்படியே இருக்கிறது என்பதும் அதே கணக்குதான். கொடுக்கிற விலை என்ன? காதில் இரைச்சல், தலைச்சுற்றல் எளியவை. ரத்தத்தட்டுகள் திடீரென்று சரிந்து உள்ளுக்குள் ரத்தம் கசிவதும், சிறுநீரகம் பழுதாவதும், இதயத் துடிப்பு தாறுமாறாவதும் அரிதாக நடக்கும். நடந்தால் உயிர் போகும். மலேரியாவில் சாகக் கிடப்பவருக்கு அந்த ஆபத்து ஏற்கத்தக்கது. தூக்கம் கெடுகிறவருக்கு அல்ல. அதனால்தான் அமெரிக்கா 1994இல் கால் பிடிப்புக்குக் கொய்னாவைக் கடையில் விற்பதைத் தடுத்தது. 2006இல் அனுமதி பெறாத எல்லாக் கொய்னா மருந்துகளையும் சந்தையை விட்டு அகற்ற உத்தரவிட்டது. வேறெதுவும் கேட்கவில்லை, கொய்னாதான் கேட்டது என்று சொல்கிறவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். இரவுப் பிடிப்பு தானாகவே சில வாரம் கூடிச் சில வாரம் குறையும் தன்மையுள்ளது. கூடிய வாரத்தில் மாத்திரை தொடங்கினால், குறைந்த வாரத்தின் பெருமை மாத்திரைக்குப் போய்விடும். பிரிட்டனில் 2005இல் வெளியான ஆய்வில், கொய்னா பழகியவர்களில் ஒரு பகுதியினரை நிறுத்தச் சொன்னபோது, பன்னிரண்டு வாரம் கழித்தும் அவர்களுக்குப் பிடிப்பு கூடவில்லை.

அதே பிரிட்டன் ஆய்வு என் வாதத்துக்கும் குறுக்கே நிற்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதில் ஆடுசதையை இழுத்து நீட்டும் பயிற்சி செய்தவர்களுக்கும் பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கனவே நெடுநாள் கொய்னா சாப்பிட்டவர்கள். நெதர்லாந்தில் 2012இல் கொய்னா சாப்பிடாத, 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம், சரியாகப் படுக்கப் போகுமுன் ஆடுசதையையும் தொடையின் பின்சதையையும் நீட்டச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் ஓர் இரவுக்குச் சராசரி ஒன்றுக்கும் மேற்பட்ட பிடிப்பு குறைந்தது, வலியின் கடுமையும் தணிந்தது. 2021இல் காக்ரேன் குழு இவற்றைச் சேர்த்துப் பார்த்து, கடுமை குறையலாம், எண்ணிக்கை பற்றி உறுதி போதாது என்று நிதானமாகவே எழுதியது. இதைவிட அதிகமாக நானும் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் எடைபோடுகிற முறை ஒன்று உண்டு. ஒரு தட்டில் 28 விழுக்காடு பலனும் உயிராபத்தும், இன்னொரு தட்டில் ஓரளவு ஆதாரமும் மூன்று நிமிடச் செலவும். எந்த டிரசரும் இரண்டாவதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

செய்கிற விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வெறுங்காலோடு, சுவரிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நில்லுங்கள். இரண்டு கையையும் மார்பு உயரத்தில் சுவரில் வையுங்கள். ஒரு காலை முன்னே வைத்து அதன் முழங்காலை மடக்குங்கள். பின்கால் முழங்கால் மடங்கவே கூடாது, பாதத்தின் பெருவிரல் சுவரை நேராகப் பார்க்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் இழுப்பு நழுவிவிடும். பத்துப் பேரில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பின்காலின் குதிகால் தரையில் ஒட்டியிருக்க, இடுப்பை மெல்ல முன்னே தள்ளுங்கள். ஆடுசதையில் ஒரு கடுப்பு தெரியும், வலி வரக் கூடாது. பத்து எண்ணும்வரை நிறுத்தி, விட்டு, மூன்று முறை. பிறகு மறுகால். அடுத்து நாற்காலியில் முன்னோரமாக உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் வைத்து, விரல்களைத் தன்பக்கம் இழுத்தபடி இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்தால் தொடையின் பின்சதை இழுபடும். குலுக்கக் கூடாது. பல் துலக்கிய கையோடு செய்தால் பழகிவிடும். நிற்கத் தடுமாறுகிறவர் கட்டிலில் உட்கார்ந்து, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டித் தன்பக்கம் இழுத்தால் போதும். ஆறு வாரம் செய்யாமல் பலனில்லை என்று சொல்லக் கூடாது.

படுக்கையையும் பார்க்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருகிக்கொள்வது நம் வழக்கம். அந்த இறுக்கம் இரவு முழுவதும் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்திக் கெண்டைக்காலைச் சுருக்கியே வைக்கிறது. குப்புறப் படுப்பவருக்கும் அதே நிலை. போர்வையைக் காலடியில் தளர விடுங்கள். மல்லாந்து படுப்பவர் பாதத்துக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுக்கலாம். குப்புறப் படுத்தே பழகியவர் பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடலாம். அப்படியும் பிடித்துவிட்டால், சதையைக் குத்தவோ உதறவோ வேண்டாம். முழங்காலை நீட்டி, விரல்களைக் கையால் பிடித்து முகத்தை நோக்கி இழுங்கள். அல்லது எழுந்து குதிகாலைத் தரையில் ஊன்றி அதன்மேல் எடையைப் போடுங்கள். நம் பாட்டிமார் இதை யாரும் சொல்லாமலே செய்தார்கள்.

மாத்திரைப் பை கடைசியாக வருகிறது என்றாலும், என் கணிப்பில் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது அதுதான். கனடாவில் 2012இல் மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்தபோது, சில மருந்துகள் தொடங்கிய ஓராண்டுக்குள் கால் பிடிப்புக்கு வைத்தியம் தேடுவது கூடியிருந்தது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் நீண்டநேர மருந்தும், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளும் முன்னால் நின்றன. கொழுப்பு மாத்திரையின் பங்கு சிறியது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வருவது பக்கவாதமாக இருக்கலாம். கிளினிக்கில் கேட்க வேண்டும், அவ்வளவே. நீர் மாத்திரையின் வகையை மாற்றவோ, அளவைக் குறைக்கவோ, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கவோ மருத்துவரால் முடியும்.

எல்லாக் கால் வலியும் பிடிப்பல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடந்தால் வந்து நின்றால் விடுகிற கெண்டைக்கால் வலி, ரத்தக் குழாய் அடைப்பின் குரல். புகைப்பவரிடமும் நீரிழிவுக்காரரிடமும் அதை அசட்டை செய்தால் விரல் கறுத்துப்போகும். எரிச்சலும் மரத்துப்போதலும் பாதத்திலிருந்து ஏறினால் அது சர்க்கரை தின்ற நரம்பு. ஒரே கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ கிள்ளானுக்கோ போக வேண்டும், விடியட்டும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இவற்றைப் பிரித்தறிய டிரசருக்கோ மருத்துவருக்கோ நீங்கள் தரவேண்டியது கொஞ்சம்தான். எந்தக் கால், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், அன்று பகலில் என்ன வேலை என்று இரண்டு வாரத்துக்கு நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வாருங்கள். எழுத வராதவருக்காகப் பேரப்பிள்ளை எழுதட்டும். விழுங்குகிற மாத்திரை, உறிஞ்சும் மருந்து, கடையில் வாங்கிய சத்து மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கிளினிக் மேசைமேல் கொட்டுங்கள்.